வெளியே நின்று குடித்த சிகரெட்

போன வருஷம் மழை பிடித்துக்கொண்ட சமயம். மும்பை தாராவியில், கல்யாணமானதிலிருந்து நான் குடித்தனம் நடத்திவிட்டு, பிறகு என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய அதே வீட்டில் நடந்தது இது.

நானும் என் கணவரும் பிரிந்துவிட்டோம். கோர்ட்டு கேஸு என்றெல்லாம் போகவில்லை. திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து எத்தனை காலமானாலும், எங்கள் ஆட்களுக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ஊர்ச் சங்கம்தான். பெண் என்னோடு செம்பூர் திலக் நகரில் இருக்கட்டும், சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கூட்டிப் போய் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடட்டும் என்று பேசி முடித்தார்கள். எட்டு வயசுப் பெண். அவளுக்கு அப்பா என்றால் உயிர். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடித்துக்கொண்டதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும்தான்.

ஆனால் அப்பா வீட்டுக்குப் போய்வந்தாலே திங்கட்கிழமை காலையில் இருமல். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் அம்மா வீஸிங் என்று சொல்லிவிட்டு, "வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பெண் முந்திக்கொண்டு "இல்ல ஆன்ட்டி" என்றாள். கூசாமல் சொன்னாள்.

அவள் அப்பாவோ ஒன்றை அணைத்தால் அடுத்ததைப் பற்றவைக்கிற ஆள். நேராகச் சங்கத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் பீடிக்கட்டு. ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஆம்பள சிகரெட் குடிக்கதுக்கெல்லாமா தாயி பஞ்சாயத்து?" என்றார்.

"உங்க பேத்திக்கு மூச்சு இழுத்தா இப்படிச் சிரிப்பியளா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லார் முன்னாலும், என்னோடு வந்திருந்த பெண்ணின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். "பிள்ள வந்திருக்கும்போது வீட்டுக்குள்ள பத்தவைக்க மாட்டேன். எதுன்னாலும் வெளியதான்." எனக்கும் அது போதும் என்று தோன்றியது. வெயில் காலம் முழுக்க இருமல் இல்லாமல்தான் இருந்தாள்.

மழை ஆரம்பித்ததும் பழையபடி விசில் சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். "உங்கப்பன் வீட்டுக்குள்ள குடிக்கானா இல்லையா, உண்மையச் சொல்லு" என்று பெண்ணைப் பிடித்து உலுக்கினேன். "கசம்மா, சத்தியமா இல்ல மம்மி, பப்பா வெளியதான் குடிக்காங்க" என்று அழுதாள். டாக்டரிடமே பொய் சொன்னவள்தானே, நான் நம்பவில்லை. இருந்தாலும் சங்கத்தில் பேசிய பேச்சுக்காக அந்தச் சனிக்கிழமையும் அனுப்பிவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய போன் வந்தது. "பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. ரோட்டு மேல உள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். சீக்கிரம் வாட்டி" என்றார். கொட்டுகிற மழையில் ஒரு ஆட்டோக்காரன் கிடைத்தான். போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன், வாய்விட்டு. ஆட்டோக்காரன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் பெண் முகமூடி போட்டுப் புகை மருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய்வந்தது. குனிந்தேன். முகமூடியை விரலால் விலக்கி, "பப்பா பேரு சொல்லாத மம்மி. ஸண்டே பந்த் ஆயிடும்" என்றாள்.

மூச்சு விட முடியாத பிள்ளை, கிடைத்த மூச்சில், அப்பாவைப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை நின்றுபோகும் என்பதைத்தான் சொன்னாள்.

சாயங்காலம் வரைக்கும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று அவரிடம் வீட்டுச் சாவி வாங்கிக்கொண்டு போனேன். துணி ஒரு சாக்கு. ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், இனி பிள்ளையை அனுப்பவே கூடாது, அதுதான் மனசில் இருந்தது.

கீழ் அறையைப் போலீஸ்காரன் மாதிரிச் சோதனை போட்டேன். கட்டிலுக்கு அடியில், பாத்திர அலமாரிக்குப் பின்னால், குப்பைக்கூடையில். ஒரு துண்டு சிகரெட் இல்லை, சாம்பல் இல்லை, வாசனைகூட இல்லை. ஆச்சரியமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பெண்ணின் துணி மேல் அறையில் இருந்தது. அங்கேதான் அவள் படிப்பாள், படுப்பாள். தாராவியில் அந்த மாதிரி வீடுகளில் மேலே போக உள்ளே படி கிடையாது. வெளியே சந்தில் சுவரோடு ஒரு இரும்பு ஏணி நிற்கும். ஏணிக்கடியில் ஒரு ஸ்டூல் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பா நிறைய சிகரெட் துண்டுகள். சொன்ன சொல் தவறாமல் வெளியேதான் உட்கார்ந்து குடித்திருக்கிறார்.

ஏணியில் ஏறும்போதுதான் கவனித்தேன், என் மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை. அண்ணாந்து பார்த்தால் நீலத் தார்ப்பாய். எங்கள் கூரையிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும், ஏணியையும் மூடி, பக்கவாட்டிலும் சாரல் அடிக்காமல் இறக்கிக் கட்டியிருந்தார். பிள்ளை ஏறி இறங்கும்போது நனையக் கூடாதாம். மேல் அறைக் கதவைத் திறந்தேன். கீழே எங்கும் இல்லாத சிகரெட் நாற்றம் அங்கே குப்பென்று அடித்தது. தலையணையில், போர்வையில், அவளுடைய ஸ்கூல் பையில்கூட. சந்தில் விட்ட புகைக்குப் போக வேறு வழியே இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் ஏறி நேரே பிள்ளை படுக்கிற இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

அந்தப் போர்வையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் ஏமாற்றியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாராவிச் சந்தில் வெளியே என்று ஒன்று ஏது? அத்தனை வருஷம் அங்கே இருந்தவள், எனக்குத் தெரியாதா?

திரும்பிப் போய் போர்வையை அவர் கையில் கொடுத்தேன். "மோந்து பாருங்க" என்றேன். என்ன சண்டை வந்தாலும் முகத்துக்கு நேரே இந்த 'நீங்க' மட்டும் என் வாயை விட்டுப் போகவில்லை. முகர்ந்து பார்த்தார். நான் தார்ப்பாயைப் பற்றிச் சொன்னேன்.

"நனஞ்சு சளி பிடிச்சிரக் கூடாதேன்னு கட்டினேன்ட்டி" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

அதன் பிறகு அந்த வீட்டில் அவள் தங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் ஒரு பூங்காவுக்கு நான் கூட்டிப் போகிறேன், அவர் வருகிறார். துணியில் ஒட்டிய புகையே அவளுக்கு ஆகாது என்று டாக்டர் அம்மா சொன்னதால், குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். சிகரெட்டை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. விட்டார், பிடித்தார், மறுபடி விட்டார். இப்போதும் அப்படித்தான் போகிறது.

போன வாரமும் அவரைத் தூரத்தில் பார்த்ததும் ஓடினாள். பக்கத்தில் போனதும் ஒரு நொடி நின்றாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு, அதற்கப்புறம்தான் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது, கையை மட்டும் விடவில்லை. அவள் தோளுக்கு மேலே அவர் என்னைப் பார்த்தார், அவருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் பிரிந்ததில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். எனக்கோ, என் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு அப்பாவைக் கட்டிக்கொள்ளப் பழகிவிட்டாள் என்பதைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை.