சாவு வீட்டுக்கு நான் வரக் கூடாதாம், டீச்சர்

கஸ்தூரி டீச்சர் இன்று காலை போய்விட்டார். மந்தைவெளியில் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர். நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றினார்களாம், ஆஸ்பத்திரி போவதற்குள்ளேயே...

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். ரெண்டே தெரு தள்ளித்தான் அவர் வீடு. ஆனால் நான் போகக் கூடாதாம். எனக்கு இப்போது ஏழாவது மாதம்.

"வயித்துப் புள்ளைய வச்சிக்கினு சாவு வூட்டுக்கு எவளாவது போவாளா?" என்று மாமியார் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கோபத்தில் டைப் பண்ணுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியவள் வயிற்றில் இருந்தபோது இதே மாமியார் என் இரும்புச்சத்து மாத்திரைகளை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தார். சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்குமாம்! விஷயம் தெரிந்து டீச்சர் மூச்சு வாங்க மூணு மாடி ஏறி வந்தார்.

"கறுப்பா பொறந்தா இன்னா இப்போ? மொதல்ல உனக்கு ரத்தம் ஊறட்டும். இந்தா, என் கண்ணு முன்னாடி முழுங்கு."

அதற்கப்புறம் வாரா வாரம் வந்தார். டப்பாவில் எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

அப்புறம், அதே கர்ப்பத்தின்போது அந்தச் சமுதாய வளைகாப்பு. ஏரியா கர்ப்பிணிகள் எல்லோரையும் கம்யூனிட்டி ஹாலில் உட்காரவைத்து அரசாங்கமே நடத்துமே, அது.

டீச்சர் முந்தின வாரமே வீடு வீடாகப் போய் எங்கள் கையை நூலால் அளந்து, அவரவர் சைஸுக்கு வளையல் வாங்கி, பேப்பரில் சுற்றி, மேலே பேர் எழுதி வைத்திருந்தார். யாருக்கும் கை வலிக்கக் கூடாதாம்.

சீஃப் கெஸ்ட் ஒரு கட்சிக்காரர். ரெண்டு மணி நேரம் லேட். மாலையைப் போட்டுக்கொண்டு பசியோடு காத்திருந்தோம். வந்த கூட்டம், போட்டோவில் நிறைவாகத் தெரியும் என்று டீச்சரின் பொட்டலங்களை எல்லாம் பிரித்து ஒரே தட்டில் கொட்டிவிட்டது.

கட்சிக்காரரின் மனைவி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கைக்குக் கிடைத்த வளையலை என் கையில் திணித்தார். உடைந்தது. ரத்தம்.

வளைகாப்பில் வளையல் உடைந்தால் கேட்கவா வேண்டும்? அபசகுனம் என்று ஹாலே முணுமுணுத்தது. அந்தம்மா மெதுவாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

"புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல... இவங்க கையால வளையல் வாங்க வுட்டா ஒடையாம இன்னா ஆவும்?"

அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். டீச்சர் பஞ்சு கொண்டுவந்து என் கையைத் துடைத்துவிட்டு, சாதம் பரிமாறப் போய்விட்டார்.

'நீங்க போட்டது வேற சைஸுங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியுமே! உடைந்தது என் கையில்தானே! கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதற்கு டீச்சரிடம் ஒரு ஸாரிகூடக் கேட்டதில்லை.

இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்திருக்கிறது. தெருமுனையில் அதே கட்சிக்காரர் வைத்த பேனர். டீச்சர் முகம் ஸ்டாம்ப் சைஸ், இவர் கைகூப்பி ஆளுயரத்துக்கு நிற்கிறார். 'எண்ணற்ற மழலைகளின் அன்னையே' என்று எழுதியிருக்கிறது.

அன்னையாம். உங்கள் வீட்டம்மா 'புள்ளையும் இல்ல' என்று ஹாலே கேட்கச் சொன்னபோது பக்கத்தில்தானே சார் நின்றீர்கள்?

மணி மூணே கால்.

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். "உங்க பேத்தி நல்லபடியா பொறந்தது யாராலன்னு உங்களுக்கே தெரியும் அத்த. நான் போறேன்."

முறைத்தார். அப்புறம் எழுந்து வாசலை விட்டு நகர்ந்தார். "வந்தா தலைக்கு ஊத்திக்கினுதான் உள்ள வரணும், சொல்லிட்டேன்."

படியில் நின்றுகொண்டு இதைப் போஸ்ட் பண்ணுகிறேன்.

டீச்சர், கொஞ்சம் இருங்க... வந்துட்டே இருக்கேன்.