பழைய காரில் மழை ஒழுகிய வழி

இன்று ஐப்பசி இரண்டு. எனக்கு எழுபத்து மூன்று வயதும் நான்கு மாதங்களும்.

நேற்றைய மழையில் என் பழைய காருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. ஏறப்போய்க் கால் நனைந்த மகன் சொன்னான்: "கண்ணாடிய ஏத்த மறந்திருப்பம்மா, வயசாயிடுச்சுல்ல. வண்டிய வித்துடலாம். அப்பா இருந்தா உடனே கண்டுபுடிச்சிருப்பாரு."

"வாய மூடிக்கிட்டு உள்ள உக்காந்து பாரு" என்றேன்.

காரின் உட்புறத்தைத் துடைத்து, பீங்கான் பட்டறையில் வாங்கிய வெள்ளைக் களிமண் பொடியை, ஈரம் பட்டால் தெரியும்படி பூசினேன். முன்கண்ணாடியின் மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். பொடியில் ஈரக்கோடு இறங்கிய இடத்துக்கு நேர் வெளியே, மழைநீர் வடியும் துளையை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன். மறுபடி ஊற்றியபோது உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை.

"பரவால்லியே, அப்பா கத்துக் குடுத்தாரா?" என்றான்.

இதை நம் குடும்பக் குழுவில் போடுகிறேன்; ஆட்சேபம் உள்ள உறவினர்கள் கீழே எழுதலாம்: அவன் அப்பாவுக்கு அந்தக் காரின் பானெட்டைத் திறக்கவே தெரியாது. அவர் சரிசெய்ததாக நீங்கள் எல்லாரும் புகழ்ந்த பழுதுகள் அத்தனையும் நான் சரிசெய்தவை.