அக்கா அணைத்த கற்பூரம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வெளியாட்கள் வந்தால் ஒன்று ஊசி போட வருவார்கள், இல்லையென்றால் ஓட்டுப்பெட்டி வைக்க வருவார்கள். ஊசிக்கு ஓடுவோம், ஓட்டுக்கு லீவு. ஆகவே சாராய ஒழிப்புச் சங்கத்தார் ஜீப்பில் வந்து இறங்கி, ஊசியும் போடாமல் லீவும் விடாமல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தபோது எங்களுக்கு ஒரே ஆச்சரியம். அவர்களில் தாடி வைத்த தலைவர், "என்னை சார்னு கூப்பிடாதீங்க, அண்ணன்னு கூப்பிடுங்க" என்றார். எங்களால் ஒரேயடியாக அப்படிக் கூப்பிட முடியவில்லை. "அண்ணன் சார்" என்று கூப்பிட்டோம்.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஊர். மலையிலிருந்து சாராயம் லாரி டியூபில் இறங்கும். எங்கள் அப்பா கரும்பு வெட்டுவார். வேலை முடிந்ததும் ஓடைப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவார். அடிக்கமாட்டார், கத்தமாட்டார். வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அம்மாவுக்கு அதுதான் தாங்காது. "அடிச்சாலாவது நாலு பேரு வந்து கேப்பாங்க. இத இன்னான்னு போய்ச் சொல்றது?" என்பாள்.

அக்கா எட்டாவது படித்தாள், வகுப்புத் தலைவி. நான் மூன்றாவது. சங்கத்தார் சொல்லிக்கொடுத்த கோஷங்களை அக்கா போல யாராலும் போட முடியாது. ஊர்வலத்தில் அவளைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். வெட்கப்பட்டே வளர்ந்த நான், கூட்டத்தின் நடுவில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு போனேன்.

ஒருநாள் அண்ணன் சார், "உங்க ஊர்ல பெரியவங்க எதுக்கு ரொம்ப பயப்படுவாங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில் கற்பூர சத்தியத்துக்கு என்றார்கள். வயல் தகராறு, திருட்டு என்று எதுவும் தீராமல் போனால் ஊர் எல்லையில் இருக்கும் முனியப்பன் எதிரில் கற்பூரம் ஏற்றி, அதை வெறும் கையால் அணைத்து சத்தியம் செய்வார்கள். சொன்னது பொய்யானாலோ தவறினாலோ அந்த வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெரியவர்களே பத்து முறை யோசித்துத்தான் கை வைப்பார்கள். சிறுபிள்ளைகளைக் கிட்டவே விடமாட்டார்கள். அண்ணன் சார் மிகவும் சந்தோஷப்பட்டார். மக்களுடைய வழக்கத்தை வைத்தே மக்களைத் திருத்த வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். தலைமையாசிரியர் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

நிறைவு விழாவுக்கு அப்பாக்களை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். எங்கள் அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசியில் நின்றார். அண்ணன் சார் தட்டில் கற்பூரத்தை ஏற்றிவைத்து, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வாருங்கள் என்று அப்பாக்களை அழைத்தார். யாரும் அசையவில்லை. ஒருவர் இருமினார். ஒருவருக்குத் திடீரென்று மாடு அவிழ்த்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. போட்டோ எடுப்பவர் கேமராவோடு காத்திருந்தார்.

"பெரியவங்க வரலன்னா போகட்டும், நம்ம பிள்ளைங்க வருவாங்க!" என்று அண்ணன் சார் எங்கள் பக்கம் திரும்பினார். வகுப்புத் தலைவி என்பதால் அக்கா முதலில் போனாள். அவர் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள்: "எங்க அப்பாவ இனிமே குடிக்க விடமாட்டேன். இது சத்தியம்." சொல்லிவிட்டுக் கையை வைத்து அணைத்தாள். சங்கத்தார் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை. அடுத்துப் போகவிருந்த பிள்ளைகளை அவர்களுடைய அப்பாக்கள் ஓடிவந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் அக்கா ஒருத்திதான் சத்தியம் செய்தவள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்சம் பொறாமையும்கூட. அன்று சாயங்காலமே ஜீப் போய்விட்டது.

அம்மா வீட்டில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கற்பூரத்தையாடி அணச்ச? பாவி, கற்பூரத்தையா?"

"அவுங்கதாம்மா சொன்னாங்க."

"அவுங்களுக்கு இன்னா, வண்டியேறிப் பூட்டாங்க. வூட்டுல இருக்கறது நம்ம."

முனியப்பன் கோயில் பூசாரியிடம் அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். சத்தியத்தைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருந்தது. சத்தியம் வாங்கினவர் சாமிக்கு முன்னால் வந்து நின்று, "நான் வாங்கின சத்தியத்த விட்டுட்டேன்" என்று வாயால் சொல்லி, அக்கா கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். "நீயோ நானோ சொன்னா செல்லாதும்மா. வாங்கினவங்கதான் வுடணும்" என்றார் பூசாரி.

மறுவாரம் நாங்கள் மூவரும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். சங்கத்தின் ஆபீஸ் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. போர்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கீழ் வீட்டுப் பெண், "காலி பண்ணிக்கினு பூட்டாங்களே. புராஜெக்ட் முடிஞ்சிடுச்சாம்" என்றாள். புராஜெக்ட் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. "மறுபடி எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.

தலைமையாசிரியரிடமும் போய்க் கேட்டோம். "மேலேர்ந்து பர்மிஷன் வாங்கிக்கினு வந்தாங்கம்மா. அவுங்க எந்த ஊருன்னு எனக்கே தெரியாது. இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்றார். ஆனால் அவர் முகமும் சரியாக இல்லை.

அப்பா சில வாரம் குடிக்காமல் இருந்தார். கை நடுங்கும், சாப்பிட்டது தங்காது. பிறகு ஒருநாள் ஓடைப் பக்கம் போனார். அக்கா பின்னாலேயே போனாள். அன்றிலிருந்து அவள் வேலை அதுவாகிவிட்டது. அவர் மத்தியானமே போக ஆரம்பித்ததும் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். குடிக்கிறவர்களுக்கு அவள் வேடிக்கைப் பொருள் ஆனாள்.

"இன்னாபா, ஒன் வூட்டுப் போலீசு வந்துடுச்சி. டியூப மறைங்கடா!"

அப்பா அவளிடம் மெதுவாகச் சொல்வார். "நீ வூட்டுக்குப் போ கண்ணு. இன்னிக்கிக் கம்மிதான்." அவள் போகமாட்டாள். அவர் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் துண்டை அவளிடமே விட்டுவிட்டுப் போவார்.

இப்போது என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். விழிப்புணர்வு ஏற்படுத்த வெளி அமைப்புகள் அனுமதி கேட்கின்றன, உள்ளே விடலாமா என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அண்ணன் சார் கெட்டவர் இல்லை. சாராயம் குடும்பத்தை அழிக்கும் என்று அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. இவர்களும் வரட்டும். ஆனால் பிள்ளையிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், பின்னால் தேடிப்போனால் இருக்க வேண்டாமா? இதை எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் கற்பூரக் கதை என்று சிரித்திருப்பார்கள்.

அக்கா சத்தியம் செய்த அடுத்த வருடம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வயிறு வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அதை அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டாள். ஆனால் அவளுக்கு அது காரணமாகப் படவில்லை.

அப்பாவைக் கிடத்தியிருந்தபோது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். அக்கா மட்டும் அடுப்பங்கரை மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தை வந்து, "கல்லு மனசுடி ஒனக்கு. எங்கண்ணன் ஒன்ன எப்டி வெச்சிருந்தாரு" என்று திட்டிவிட்டுப் போனாள். நான் பக்கத்தில் போய், "நீ ஏன்க்கா அழல?" என்று கேட்டேன்.

"நான் அழக்கூடாது" என்றாள்.

யாரோ அவளை அதட்டிவைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாராவது பெரியவர்கள் சரியென்று சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றியது. கூட்டத்துக்குள் நுழைந்து அம்மாவின் மடியைத் தொட்டு, "அக்கா அழலாமாம்மா?" என்று கேட்டேன். அம்மாவுக்குக் காதில் விழவில்லை. என்னை இறுக்கிக்கொண்டு பெரிதாக அழுதாள். அவள் பிடியிலிருந்து மெல்ல நழுவி மூலைக்குத் திரும்பிப் போனேன்.

"அம்மா சொல்லிடுச்சிக்கா, நீ அழலாமாம்" என்றேன்.

அக்கா எழுந்து, வந்திருந்தவர்களுக்குக் கொடுக்கக் குடத்திலிருந்து தண்ணீர் மொள்ள ஆரம்பித்தாள்.