ஓய்வுநாளில் திறக்கக் கூடாத புத்தகங்கள்

ஹெஸ்ஸி ஜூடெல்மனுக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று ஜோஹன்னஸ்பர்க்கில் எங்கள் பேட்டைக்காரர்கள் சொல்வார்கள். தப்பு. மூக்கின் மேல் உட்காருவது பறந்தும் போய்விடும். ஹெஸ்ஸியின் கோபம் எட்டு வயதில் வந்து குடியேறியது, எழுபது வயதிலும் காலி செய்யவில்லை.

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் புல்வெளியில் ஒரு புழுதி ஊர். அங்கே கம்பளியும் மண்ணெண்ணெயும் விற்ற ஒரே யூதக் குடும்பம் அவளுடையது. பள்ளி அலமாரியில் இருந்த கதைகளில் எல்லாம் கடைசிப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் நின்றது. ஹெஸ்ஸி என்று ஒரு பெண்ணோ, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றும் ஒரு அம்மாவோ எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒருநாள் பேனாவை எடுத்து, கதாநாயகி மரியாவின் பெயரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அடித்து, மேலே ஹெஸ்ஸி ஹெஸ்ஸி என்று எழுதி வைத்தாள். தலைமையாசிரியர் பிரம்பால் உள்ளங்கையில் விளாசினார். வீட்டுக்கு வந்தால் அப்பா அனுதாபப்படவில்லை.

"அடுத்தவன் புத்தகத்துல எதுக்குடி கை வச்சே? வேணும்னா உன் புத்தகத்தை நீ எழுதிக்கோ" என்றார்.

அவர் எரிச்சலில் சொன்னதுதான். அவள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள்.

பட்டணத்துக்கு வந்து செருப்புக் கடையில் வேலை பார்த்தாள், ஏப் என்ற சாதுவைக் கல்யாணம் செய்துகொண்டாள், அவனைப் புதைத்தும் முடித்தாள். இடையில் எங்கள் ஜெபக்கூடத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் கமிட்டியிடம் சண்டை போட்டு வாங்கிக் குழந்தைகளுக்கான நூலகமாக்கினாள். நியூயார்க்கிலிருந்தும் லண்டனிலிருந்தும் யூதக் குழந்தைகளுக்கென்று எழுதிய கதைகளை வரவழைத்தாள். இப்போது பெயர்கள் சரியாக இருந்தன. ஆனால் பருவம் சரியில்லை. ஹனுக்கா பண்டிகை விளக்கை ஏற்றும்போது ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. எங்களுக்கோ ஹனுக்கா பீச் பழம் பழுக்கும் கோடையில் வரும். குழந்தைகள் நீச்சல் குளத்திலிருந்து ஈரத் துண்டோடு ஓடிவந்து விளக்கேற்றுவார்கள். "ஆன்ட்டி, நாமதான் தப்பான மாசத்துல கொண்டாடுறோமா?" என்று ஒரு பொடிசு கேட்டது. ஹெஸ்ஸிக்கு உள்ளங்கை மறுபடி எரிந்தது.

அப்படித்தான் அவள் தன் ஒரே புத்தகத்தை எழுதினாள். கூடாரப் பண்டிகை வாரத்தில் எங்களுக்குச் சாப்பாடு பந்தலில்தான். இலை போட்டுக் கூரை வேய்ந்த பந்தலில் ஒரு குடும்பம் சாப்பிட உட்காருகிறது. எங்கள் ஊர் வழக்கப்படி வானம் இருண்டு, ஆலங்கட்டி மழை கூரையைப் பிய்த்து எறிகிறது. எல்லோரும் வீட்டுக்குள் ஓட, பெனி என்ற பையன் மட்டும் சூப் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு கவளமாவது பந்தலில்தான் தின்பேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. பெனிக்கு ஹெஸ்ஸியின் முகவாய்க்கட்டை.

நூலகத்துக்கு உயிர் வருவது சனிக்கிழமையில்தான். காலைத் தொழுகை முடிந்து பெரியவர்கள் கூடத்தில் கிஹெல் பிஸ்கட்டின் மேல் ஹெரிங் மீனை அப்பி விஸ்கியோடு விழுங்கிக்கொண்டிருக்கும்போது, குழந்தைகள் இந்த அறைக்குள் வந்து விழுவார்கள். ஓய்வுநாளில் டிவி கிடையாது, கார் கிடையாது, கிரேயான் கூடத் தொடக் கூடாது. படிக்கலாம். எழுதக் கூடாத நாள் என்பதால் யார் எதை எடுத்துப் போனார்கள் என்பதை ஹெஸ்ஸி தலையிலேயே வைத்துக்கொள்வாள், ஒன்றும் தப்பாது.

தப்பியதெல்லாம் ஆஸ்திரேலியாவுக்குத்தான். நாட்டை விட்டுப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களோடு நூலகப் புத்தகங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு பெர்த்துக்குக் கப்பலேறினார்கள். ஹெஸ்ஸி கொதித்துப் போய் ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கினாள். புத்தகத்தை மூடி வைத்து, தாள்களின் வெளி ஓரத்தில், ஊதா மையில், "திருப்பிக் கொண்டு வா" என்று குத்தினாள். அலமாரியில் எப்படி வைத்தாலும், பெர்த்தில் விருந்தாளி வந்தாலும், கண்ணில் குத்த வேண்டும் என்பது அவள் எண்ணம். வருஷக்கணக்கில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு மெர்வின் ட்ராப்கின் திருந்தினான்.

டைல்ஸ் வியாபாரி. சனிக்கிழமை தவறாமல் ரக்பி மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியவன், டர்பன் கடற்கரைக்குப் போனால் எங்களுக்கு விலக்கப்பட்ட இறாலைத் தட்டுத் தட்டாகத் தின்றவன். அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் பலருக்கு வந்த மாதிரி அவனுக்கும் பக்தி வந்தது. வரட்டும், நல்லதுதான். தாடி வந்தது, மெர்வின் மொர்தகாய் ஆனான், அதுவும் சரி. ஆனால் கமிட்டித் தலைவர் பதவியும் கூடவே வந்துவிட்டது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் குடையைப் பிடித்ததோடு நிற்காமல் ஊரையே அதற்குள் நிற்கச் சொன்னான். ஆடும் நரியும் பேசும் கதைகள் குழந்தைகளைக் கெடுக்கும் என்று, தங்க நிற அட்டை போட்ட நீதிக்கதைத் தொகுதிகளை, தடி தடியாக ஓர் அலமாரி நிறைய, நூலகத்துக்கு நன்கொடை கொடுத்தான். ஹெஸ்ஸி அதற்கும் முத்திரை குத்தி அடுக்கினாள்.

ஒரு சனிக்கிழமை அவன் கையில் ஒரு புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"ஹெஸ்ஸி ஆன்ட்டி, இது என்ன?"

"கண்ணு தெரியலையா மெர்வ்? புத்தகம்."

"மொர்தகாய்" என்று திருத்தினான். "ஓரத்துல எழுத்து இருக்கு பாருங்க. திறந்தா எழுத்து உடையுது. அது அழிக்கிற மாதிரி. மூடினா மறுபடி சேருது. அது எழுதுற மாதிரி. ஓய்வுநாள்ல ரெண்டுமே கூடாது."

"அப்ப திறக்காமலே படிக்கணுமா?"

"ஞாயித்துக்கிழமை வந்து படிக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமை புள்ளைங்க எல்லாம் கிரிக்கெட்டு, நீச்சல்னு போயிடும், நீ வீட்டுல இறைச்சி வாட்டிக்கிட்டு நிப்பே. எவன்டா வருவான்? ஏன்டா, நம்ம ஜெபப் புத்தகத்து ஓரத்துல கூடத்தான் ஜெபக்கூடத்துப் பேர் இருக்கு. இந்தக் கையாலதான் குத்தினேன். இப்பதானே அதைத் திறந்து வச்சு ஆடி ஆடி ஜெபிச்சிட்டு வந்தே?"

மெர்வின் கொஞ்சம் கூடத் தடுமாறவில்லை. "அது தேவை, ஆன்ட்டி. இது ஆடு பேசுற கதை" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஹெஸ்ஸியால் கடைசி வரை மன்னிக்க முடியவில்லை. சட்டம் பேசட்டும், எங்களுக்குச் சட்டம் பேசுவது சாப்பாடு மாதிரி. ஆனால் பெரியவன் புத்தகம் தேவை, குழந்தை புத்தகம் விளையாட்டு என்று ஒருவன் குழந்தைகளுக்கு முன்னால் நின்று சொன்னான். ஒரு குழந்தையின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடி வேறு வைத்தான்.

அடுத்த வாரம் அலமாரிகளுக்குத் திரை தொங்கியது. பஸ்கா பண்டிகை வரை பார்ப்போம், ஆள் வராத அறையை ஆண்கள் வேதம் படிக்கும் வகுப்புக்கு எடுத்துக்கொள்வோம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. ஹெஸ்ஸி நேரே ரபியிடம் போனாள். எங்கள் ஜெபக்கூடத்து மதகுரு ரபி யானோவ்ஸ்கி படித்தவர், நல்லவர், சண்டை என்றால் நழுவிவிடுபவர்.

"திறக்கலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள்.

"மிஸஸ் ஜூடெல்மன், பெரியவங்க பல பேர் திறக்கலாம்னுதான் எழுதி வச்சிருக்காங்க. ஒரு சிலர் கூடாதுங்கறாங்க…"

"நீங்க என்ன சொல்றீங்க?"

ரபி தாடியைத் தடவினார். "நம்ம சடங்குக் குளத்துக்குக் காசு வாங்காம டைல்ஸ் போட்டது மொர்தகாய். அவர் மனசு நோகாம, மெதுவா, கொஞ்ச நாள் போகட்டும்…"

"மதில் மேல் பூனைகூட ஒரு நாள் எறங்கித்தான் ஆகணும், ரபி" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது எந்த மதத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

வாரங்கள் போயின. குழந்தைகள் முதலில் வாசலில் வந்து நின்றார்கள், பிறகு கூடத்தில் மேஜைகளுக்கு அடியில் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு கிடந்தார்கள், பிறகு வராமலே இருந்தார்கள். வந்துகொண்டிருந்தது மெர்வினின் கடைசிப் பெண், தாலி என்ற வாண்டு மட்டும்தான். ஏழு வயது. ஒரு சனிக்கிழமை கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "ஆன்ட்டி, பெனி சட்டியைத் தலையிலேருந்து எடுத்துட்டானா?" என்று கேட்டாள்.

"எடுக்க மாட்டான். உங்கப்பன் இருக்கற வரைக்கும் எடுக்கவே மாட்டான்" என்றாள் ஹெஸ்ஸி.

மறுநாள் ஞாயிறு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, ஒரு கட்டு உப்புத்தாளோடு நூலகத்தைத் திறந்தாள். எழுத்துதானே உங்களுக்குக் கண்ணை உறுத்துகிறது, அலமாரி முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுகிறேன், கை தேய்ந்தாலும் சரி என்று திரையைப் பிய்த்து எறிந்தாள். முதலில் தன்னுடைய பெனி புத்தகத்தைத்தான் எடுத்தாள். உப்புத்தாளை மடித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஓரத்தைப் பார்த்தாள்.

எழுத்தே இல்லை.

அழுக்கு இருந்தது. ஜாம் இருந்தது. விரல் பட்டுப் பட்டுச் சாம்பல் நிறமான தாள் ஓரத்தில், தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஊதாவின் சாயல் ஏதோ ஒன்று. அதை எழுத்தென்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டான். அடுத்த புத்தகத்தை எடுத்தாள், பேசும் ஆட்டின் கதை. அதிலும் இல்லை. ஏழு பிள்ளைகள் பெற்ற தையற்காரன் கதை, பஸ்கா ரொட்டியைத் திருடிய எலியின் கதை, எதிலும் இல்லை. குழந்தைகளின் கட்டைவிரல்கள் சனிக்கிழமை சனிக்கிழமையாக எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தன. ஹெஸ்ஸி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், தங்க அட்டைகளுக்கு முன்னால் நின்றாள். தொகுதி தொகுதியாக உருவினாள். நேற்றுக் குத்தியது போல ஊதா பளபளத்தது. ஒரு புள்ளி கூடக் கலையவில்லை.

ஹெஸ்ஸி சிரித்தாள் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். இல்லை. அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. இதற்காகவா இத்தனை வாரம் குழந்தைகளைத் துரத்தினார்கள்?

தங்க அட்டைகளை எல்லாம் பெட்டிகளில் திணித்துக் காரில் ஏற்றினாள். மெர்வினின் வீட்டுத் தோட்டத்தில் பிராய் நடந்துகொண்டிருந்தது; கரியின் மேல் தொத்திறைச்சி புகைய, வேத வகுப்புக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ரபியும் கையில் காகிதத் தட்டோடு இருந்தார். ஹெஸ்ஸி முதல் பெட்டியைப் புல்லில் தொப்பென்று போட்டாள்.

"என்ன ஆன்ட்டி இது?" என்றான் மெர்வின்.

"ஓரத்துல என்ன எழுதியிருக்கு? சத்தமாப் படி."

"திருப்பிக் கொண்டு வா."

"கொண்டு வந்துட்டேன். இப்ப இதைப் படி." பெனியை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

மெர்வின் புரட்டினான், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது. ஏன்னா புள்ளைங்க அதைத் திறந்திருக்காங்க. உன் மகளும்தான்டா. நீ சொல்ற பாவத்தைப் பண்ணிப் பண்ணி ஒரு எழுத்து விடாம அழிச்சு முடிச்சாச்சு. அழிக்கறதுக்கு இனி எதுவும் இல்லை, அதனால இது எல்லாம் உன் சட்டப்படியே சுத்தம். நான் குத்தினது அப்படியே இருக்கறது உன் தங்க அட்டைல மட்டும்தான். உன் புத்தகம்தான் மெர்வ், ஓய்வுநாளை ஒழுங்கா அனுசரிச்சிருக்கு. அதுங்களுக்கு வாரம் முழுக்க ஓய்வுதான்!"

வேத வகுப்புக்காரர்களில் ஒருவனுக்குச் சிரிப்பில் புரையேறியது. மெர்வினின் காதுகள் எரியும் கரியைப் போலச் சிவந்தன. "எல்லாம் அழியலையே, எழுத்து இருக்கறதைத் திறக்கறது…" என்று இழுத்தான்.

"திறக்கலாம்" என்றார் ரபி. காகிதத் தட்டைக் கீழே வைத்தார். "எது இருந்தாலும் திறக்கலாம், மொர்தகாய். எனக்குப் பாடம் சொன்னவர் என் கண்ணு முன்னாடியே திறந்திருக்கார்."

ஹெஸ்ஸி மெர்வினை விட்டுவிட்டு ரபியின் பக்கம் திரும்பினாள். எல்லோரும் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தார்கள்.

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "தெரிஞ்சுக்கிட்டே அந்தக் குழந்தைங்களைக் கதவுக்கு வெளியே நிக்க வச்சீங்க. மெர்வ் முட்டாள், அவனை நான் மன்னிச்சாலும் மன்னிப்பேன்."

ரபி தலையைக் குனிந்துகொண்டார். அவள் தொத்திறைச்சியைத் தொடாமல் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. அறை போகவில்லை, வகுப்பு வேறு இடம் தேடிக்கொண்டது. தாலி பெனியை வேறு யாரும் தொடாதபடி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வாரத்தின் நடுவில், லண்டனிலிருந்து வந்த புதுப் புத்தகங்களை ஹெஸ்ஸி பிரித்து வைத்திருந்தபோது ரபி மெல்ல எட்டிப் பார்த்தார். அவள் ஊதா மையில் முத்திரையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் ஜூடெல்மன், இனிமேலாவது பிரச்சினை வேண்டாமே. அட்டைக்கு உள்பக்கமாக் குத்திடுங்களேன்" என்றார்.

ஹெஸ்ஸி புத்தகத்தை இறுக மூடி, தாள்களின் ஓரத்தில் மேஜை அதிர ஒரு குத்து குத்தினாள்.

"உள்ள குத்தினா அது அப்படியே இருக்கும். அப்புறம் எது உசுரோட இருக்கு, எது செத்துப் போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.