சரோஜா விழுங்கிய ஆறு மாத்திரைகள்

1. ஏழாம் நாள் காலை

இலங்கையில் நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில் பத்தொன்பது வருடமாக மருந்து கொடுக்கிறேன். டாக்டர் எழுதுவார், நான் எண்ணிக் கவரில் போடுவேன். அன்று கொழுந்து பறிக்கும் சரோஜா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஆறு மாத்திரையும் முடிஞ்சிருச்சு. அரிப்பு கொறையவே இல்ல. ஒன்னுக்குப் போனா எரியுது. வாந்தி வேற."

"அந்த மாத்திரைக்கு ஏன் வாந்தி வருது?"

"வராம? அம்மாம் பெரிசு. முழுங்குறதுக்குள்ள தொண்டைய அடைக்குது."

அது விழுங்கும் மாத்திரையே அல்ல. குளோட்ரிமசோல். பெண்ணுறுப்புக்குள் வைக்க வேண்டியது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இது கேன்சராங்க ஐயா? மறைக்காம சொல்லுங்க. சின்னப் புள்ளைங்க ரெண்டு இருக்குதுங்க."

2. நான் செய்தது

டாக்டர் அவரைப் பார்த்த அன்று அந்த மருந்து கையிருப்பில் இல்லை. மறுநாள் வந்தது. வேலை நாளில் பெண்கள் மலையை விட்டு இறங்க முடியாது. வீட்டு ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். சரோஜாவின் புருஷன் வந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து ஆண்கள். எங்கே வைப்பது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கவரில் "இரவு 1" என்று மட்டும் எழுதி நீட்டினேன்.

3. திரைக்கு அந்தப் பக்கம்

உடனே டாக்டரிடம் சொன்னேன். திட்டினார். சரோஜாவை மறுபடி சோதித்துப் பார்த்து, பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் அனுப்பினார். திரைக்குப் பின்னால் மிஸ்ஸி பேசியது எனக்குக் கேட்டது.

"கேன்சர் இல்ல சரோஜா. ஈஸ்ட்டுன்னு ஒரு பூஞ்சை. தயிர் மாதிரி வெள்ளை, அரிப்பு, எரிச்சல், அவ்வளவுதான். கெட்ட வாடை, காய்ச்சல், அடிவயித்து வலி இருந்தா அது வேற. ஒடனே வரணும். டெட்டோல் போட்டுக் கழுவினீங்களா?"

"மூடி மூடியா ஊத்தினேன் மிஸ்ஸி."

"ஐயோ அம்மே! வெளிய மட்டும், வெறும் தண்ணி போதும். கொழுந்து பறிக்கையில கட்டுற படங்குத் துணிய நனைஞ்சபடியே இடுப்புல கட்டிக்கிட்டு இருக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் உள்ளுடுப்ப மாத்துங்க. பருத்தியில போடுங்க. திரும்பத் திரும்ப வந்தா ரத்தத்துல சீனி டெஸ்ட் பண்ணணும். புள்ள உண்டாகியிருந்தா மருந்துக்கு முன்னாடியே சொல்லணும்."

சரோஜா அழுதது கேட்டது. பிறகு சிரித்ததும் கேட்டது. மறுபடி ஆறு மாத்திரை. இந்தத் தடவை படுக்கப் போகும்போது உள்ளே வைத்தார். இரண்டு வாரத்தில் சரியாயிற்று.

4. பிள்ளை மடுவத்தில்

அடுத்த கிளினிக் நாளில் மிஸ்ஸி பெண்களை, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் உட்கார வைத்தார். நான் மருந்துப் பெட்டியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவர் அந்த மாத்திரையைத் தூக்கிக் காட்டினார்.

"இத முழுங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

"எங்க வீட்டுக்காரரு பிளேன்டீ ஊத்திக் குடுத்தாருல்ல, முழுங்கச் சொல்லி!" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கைகள் உயர்ந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து. ஐந்தும் நான் கொடுத்த மருந்து.

"ரெண்டு வருஷமா இருக்கு மிஸ்ஸி," என்றார் ஒருத்தர். "எனக்கு மருந்து கேக்காதுன்னு விட்டுட்டேன்."

இப்போது அந்த மாத்திரையை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. அந்தப் பெண்ணையே வரவழைத்து, எங்கே வைப்பது என்று வாய்விட்டுச் சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். வெட்கத்தில் காது சுடத்தான் செய்யும். சுடட்டும்.