ஞாயிற்றுக்கிழமைத் தட்டு

மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் ஜெராக்ஸ் தாளுக்கென்று ஒரு வாசனை உண்டு. அதோடு, நாள் முழுக்கச் சில்லறை புழங்கிய விரல்களில் ஒட்டிக்கொள்ளும் காசின் புளித்த வாடையையும் சேர்த்துக்கொண்டால் அதுதான் என் அம்மா. தர்மபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில், ஐந்தாறு பேர் முழங்கால் இடிக்க உட்காரக்கூடிய அளவில் அவள் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தால் அந்த இரண்டு வாடையும் என் முடியில் ஏறிக்கொள்ளும்.

அம்மா காசு சேர்ப்பவள். சேமிப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள்; சேமிப்புக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் சேர்த்தது வேறு வகைக் காசு: ஓட்டைக் காலணா, தேய்ந்துபோன செப்புக் காசு, எண்ணில் விசேஷமுள்ள நோட்டு. லாரி ஓட்டிய அப்பா சேலம் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, தொப்பூரில் சாப்பிட்ட கடையில் மீதியாகக் கொடுத்ததென்று எண்ணில் 786 உள்ள பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்ததாம். "புடவை கேட்டிருந்தா ஒரு புடவையோட முடிஞ்சிருக்கும், பத்து ரூபா நோட்டக் குடுத்து மாட்டிக்கிட்டேன்" என்று அப்பா பல வருடம் சொல்லித் திரிந்தார்.

ஊரில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். கடைக்கு வந்து, மீதிச் சில்லறையை வாங்கியதும் போகாமல் ஒவ்வொரு காசையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆளை அம்மா உடனே அடையாளம் கண்டுகொள்வாள். அப்படிச் சேர்ந்த கூட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பாதி ஷட்டர்தான் திறந்திருக்கும். உள்ளே ஸ்டூல்களும் தாள்கட்டு வந்த அட்டைப்பெட்டிகளும் இருக்கைகளாகிவிடும். "இந்த வாரம் என்ன புதுசு?" என்பதுதான் அங்கே வணக்கம்.

புதுசு கொண்டுவந்தவர் அதைச் சும்மா எடுத்துக் காட்டிவிட முடியாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஓர் எவர்சில்வர் தட்டில் பச்சைத் துணி விரித்து, அம்மாவின் கல்லாவிலிருந்து அதே மதிப்புள்ள சாதாரணக் காசுகள் நாலைந்தை எடுத்துப் போட்டு, அவற்றுக்கு நடுவே தம்முடையதைக் கலந்து வைக்க வேண்டும். மற்றவர்கள் விளிம்பை மட்டும் பிடித்து எடுத்துப் பார்த்து, எது புதுசு, ஏன் புதுசு என்று சொல்ல வேண்டும். இதற்குக் "கண்டுபிடி" என்று பெயர். பூதக்கண்ணாடி என் கையில் இருக்கும். யார் எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை நான்தான் முடிவுசெய்வேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தியிடம் மீசை வைத்த ஆட்கள் "பாப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுகிற சுகம் எனக்கு அதன்பிறகு எந்த வேலையிலும் கிடைத்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் இருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் சவரிமுத்து மாமா. மரவள்ளி போடுகிற விவசாயி. காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வருவதால், எல்லாரிலும் அவர் சட்டைதான் வெள்ளையாக இருக்கும். அச்சில் தப்பு நேர்ந்த காசுகள் மட்டுமே அவருக்கு வேண்டும். அவற்றுக்கென்று ஆல்பத்தில் தனியாக ஒரு பக்கமே வைத்திருந்தார். இன்னொருவர் கோவிந்தராஜ் அண்ணன். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் உட்காருகிறவர். அம்மாவை அக்கா என்பார். காசைப் பார்த்தால் பசி தெரியாத ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து மாமா வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துக்கொண்டே வந்தார். தட்டில் ஐந்து ஒரு ரூபாய்க் காசுகள் கிடந்தன. ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எல்லாரும் பார்த்துத் தோற்ற பிறகு, கோவிந்தராஜ் அண்ணன் ஒரு காசை எடுத்துப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல மெல்லத் திருப்பினார். முன்பக்கம் நேராக இருந்தது, பின்பக்கம் தலைகீழாக இருந்தது. அச்சடிக்கும்போது ஒரு பக்கத்து அச்சு சுழன்றுவிட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறவருக்கு அது வெறும் ஒரு ரூபாய்.

"சவரியண்ணா, எங்கிட்ட இருக்கற ஓட்டைக் காலணா ரெண்டையும் எடுத்துக்கங்க. இத எனக்குக் குடுத்துருங்க" என்றார் கோவிந்தராஜ் அண்ணன்.

"அதெல்லாம் ஆவாது தம்பி. எம்பொண்ணு கேட்டாகூட இதக் குடுக்க மாட்டேன்" என்றார் மாமா.

அதற்குள் டீ வந்துவிட்டது. டீயைக் காசுக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம் என்பதால் எல்லாரும் வெளியே சந்துக்குப் போனோம். கோவிந்தராஜ் அண்ணன் மட்டும் பூதக்கண்ணாடியோடு இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்துவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வந்தார். பிறகு ஒரு பெண் அவசரமாக வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஒரே ஒரு சான்றிதழ் ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்க, அம்மா அவளோடு உள்ளே போய் எடுத்துக் கொடுத்தாள். டீ முடிந்து திரும்பியபோது தட்டில் நான்கு காசுகள்தான் இருந்தன. நான்கையும் மாமா ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான்கும் சாதாரணக் காசுகள்.

துணியை உதறினோம். அட்டைப்பெட்டிகளை நகர்த்தினோம். அம்மா ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். அந்தப் பெண்ணின் நினைவு வராமல் இல்லை. ஆனால் மீதி ஒரு ரூபாயை முன்னால் இருக்கிற சில்லறை டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா மறுபடி டீக்கு வெளியே வந்திருந்தாள். அதோடு, எங்கள் கூட்டத்துக்கென்றே ஒரு கணக்கு இருந்தது. ஐந்து காசில் நான்கை விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமென்றால், அதன் அருமை தெரிந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். அருமை தெரிந்தவர்கள் எங்களைத் தவிர யார்? இப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோவிந்தராஜ் அண்ணனை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அவர் புரிந்துகொண்டார். சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்துத் தட்டில் வைத்தார். கசங்கிய பஸ் டிக்கெட்டுகள், ஒரு சீப்பு, இருபது ரூபாய் நோட்டு ஒன்று. பிறகு கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட்டு அப்படியே நின்றார். "வுடு தம்பி, போனா போவுது" என்று மாமா சொன்னார். அது ஆறுதலாக இல்லை. கோவிந்தராஜ் அண்ணன் சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியேறிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தட்டைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே போனது. பேச்சு எப்படியோ பங்க் முதலாளியின் காதுக்கு எட்டி, கோவிந்தராஜ் அண்ணனைக் கல்லாவிலிருந்து எழுப்பி வண்டிகளுக்குக் காற்றடிக்கிற இடத்தில் போட்டுவிட்டார்கள் என்று டீசல் போடப் போன அப்பா வந்து சொன்னார். இனி அங்கேயும் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ என்றார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. "என் கடையில உக்காந்து ஒருத்தன் திருடன்னு பேரு வாங்கிட்டானே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே இப்படி முடித்துவிட முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், நான் கடையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண் வந்தாள். சித்தேரி மலைக்காரப் பெண். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட அன்றைக்கு வந்தவள், இப்போது இடம் கிடைத்துச் சேர வந்திருக்கிறாள். வந்ததும் ஒரு ரூபாய்க் காசை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தப் பேப்பர ரெண்டு பக்கமும் எடுத்துக் குடுத்தீங்க. நான் ரெண்டு ரூபா குடுத்தேன். ஒரு பக்கம்னு நெனச்சு நீங்க ஒரு ரூபா திருப்பி எடுத்துக்கச் சொன்னீங்க. பஸ்ஸுல போயித்தான் பாத்தனுங்க. இந்தாங்க."

"இதுக்காவா வந்த? ஒரு ரூபாய்க்கா?" என்று அம்மா சிரித்தாள்.

"டவுனுக்கு வந்தா குடுத்துரலாம்னு இருந்தேங்க. அன்னைக்கு டப்பா மூடி தொறக்க வரல. பக்கத்துல தட்டுல காசு கெடந்துச்சு, அதுல ஒண்ண எடுத்துக்கிட்டேன். பஸ்ஸு வேற எடுத்துட்டாங்க, ஓடிட்டேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "எந்தத் தட்டுல கண்ணு?"

அந்தப் பெண் கையை நீட்டி மெஷினுக்குப் பக்கத்தைக் காட்டினாள். அந்தக் காசு எங்கே என்று அம்மா கேட்டாள். "அரூர் பஸ்ஸுல கண்டக்டருகிட்டக் குடுத்துட்டனுங்களே. ஏங்க்கா, செல்லாத காசுங்களா?"

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். எனக்கும் என்னவோ போலிருந்தது, மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல. அருமை தெரிந்தவர்தான் எடுத்திருக்க முடியும் என்று நாங்கள் எல்லாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்க, அருமை எதுவும் தெரியாத ஒரு பெண் கைக்கு எட்டிய காசை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடியிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது.

அம்மா ஷட்டரை இழுத்து மூடினாள். "அக்கா, எனக்குப் பஸ்ஸு போயிருமுங்க" என்று அந்தப் பெண் பதற, "நானே ஏத்தி வுடறேன் வா. நீ வந்து ஒரு வார்த்த சொல்லணும்" என்று அவளையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பங்க்குக்குப் போனாள். முதலாளி, பையன்கள், டீசலுக்கு நின்ற லாரிக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி அம்மா நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணும் மிரண்டுபோய், ஆனால் தெளிவாகச் சொன்னாள். முதலாளி காற்றடிக்கிற இடத்தைப் பார்த்துத் திரும்பி, கல்லாப் பக்கம் கையைக் காட்டினார். கோவிந்தராஜ் அண்ணன் காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடியே கேட்டார்:

"அப்ப அந்தக் காசு போயே போச்சாக்கா?"

அவர் அப்படிப்பட்ட ஆள். கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பி, ஒரு லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். சவரிமுத்து மாமா ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கோடு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்: "தம்பி, நான் உன்ன ஒண்ணும் சொல்லல. சொல்லலையேன்னு என் வூட்டுல நெனச்சு நெனச்சு சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஆனா அன்னைக்கு நான் உன் மூஞ்சியப் பாத்திருக்கணும். பாக்கல." கோவிந்தராஜ் அண்ணன் நகர்ந்து, தான் உட்கார்ந்திருந்த அட்டைப்பெட்டியில் பாதி இடம் விட்டார். மாமா உட்கார்ந்தார். பிறகு அம்மாவிடம், அந்தப் பெண் கொண்டுவந்து கொடுத்த ஒரு ரூபாயைக் கேட்டு வாங்கி, ஆல்பத்தில் காணாமற்போன காசுக்கென்று ஒதுக்கியிருந்த உறையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து டீ வரும்போது தட்டும் எங்களோடு சந்துக்கு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலையாயிற்று.

இப்போது அம்மாவின் கடையில் இரண்டு மெஷின்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் போனை நீட்டிவிட்டுப் போகிறார்கள். பணம் வந்ததை ஒரு பெட்டி சத்தமாக அறிவிக்கிறது. சில்லறை டப்பாவில் ஸ்டேப்ளர் பின் கிடக்கிறது. அம்மா தலையைத் தடவினால் தாளின் வாசனை மட்டும் வருகிறது. காசின் வாடை போய்விட்டது. கூட்டம் கலைந்துவிடவில்லை, வாட்ஸப் குழுவாகிவிட்டது. "இந்த வாரம் என்ன புதுசு?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது போடுகிறார்கள். நான் பார்த்தேயிராத இளைஞர்கள் எங்கெங்கிருந்தோ படம் அனுப்புகிறார்கள். ஆனால் கலந்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்ல யாருக்கும் நேரமில்லை, காசைச் சுற்றி வட்டம் போட்டே அனுப்பிவிடுகிறார்கள்.

சென்ற மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, சவரிமுத்து மாமாவின் மகள் அவருடைய ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தார். தப்பு அச்சுப் பக்கத்துக்கு ஒரே பாராட்டு. ஓர் இளைஞர் மட்டும், மூன்றாவது வரிசைக் கடைசியில் இருப்பது சாதாரண ஒரு ரூபாய், அதில் எந்தப் பிழையும் இல்லை, தவறுதலாக வைத்துவிட்டீர்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். சற்று நேரத்தில் மாமாவின் குரல் வந்தது. வயதாகிக் கரகரத்துப்போன குரல்.

"தெரியும் கண்ணு. அந்தப் பக்கத்துல அது ஒண்ணுதான் தப்பில்லாத காசு. அது அங்கியே இருக்கட்டும்."

அம்மா அதை இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டேன். அதற்குள் கீழே முதல் ஆளாக ஒரு கும்பிடு வந்திருந்தது, கோவிந்தராஜ் அண்ணனிடமிருந்து.