பிறந்த நாட்டுப் பத்தி

மாதம் ஒருமுறை டெக்சஸின் ரிச்சர்ட்சன் நகரிலுள்ள எங்கள் அலுவலகத்தில் தமிழர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். கிரீன் கார்டு வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று அரசாங்கம் வெளியிடும் நாள் அது. ஊரில் ராசிபலன் படிப்பதுபோலப் படிப்பார்கள். ராசிகளுக்குப் பதில் பிறந்த நாட்டின் பெயரில் பத்திகள். இந்தியாவில் பிறந்தவர்களின் பத்தி சில மாதங்களில் பின்னோக்கியும் நகரும். இலங்கையில் பிறந்தவர்கள் வேறு பத்தியில் சீக்கிரம் போய்விடுவார்கள். மனைவி அங்கே பிறந்திருந்தால் கணவனும் அவள் பத்தியில் ஏறிக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி விதியை யாரோ செந்திலின் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

செந்தில் என்னோடு வேலை பார்ப்பவன், கோபிச்செட்டிபாளையத்துக்காரன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்து ஒரு வருடமாகிறது. மகனைப் பார்க்க டெக்சஸ் வந்த அவன் அம்மா, என் அப்பா கோத்தகிரியில் தேயிலைச் செடி கவாத்து வெட்டுபவர் என்று கேட்டதுமே, சிலோன்காரங்க வீட்டுப் பொண்ணு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யார் வாசலிலும் போய் நிற்கும் பழக்கம் இல்லை. செந்தில்தான் பேசிக்கொண்டே இருந்தான்.

போன சனிக்கிழமை காலை அதே அம்மா மைசூர்பாகு டப்பாவும் மல்லிகைப்பூவுமாக, மகனையும் கூட்டிக்கொண்டு என் அபார்ட்மென்ட்டுக்கு வந்தார். ஆன்ட்டி என்று அழைத்ததற்குக் கடிந்துகொண்டார்; இனி அத்தை என்றுதான் கூப்பிட வேண்டுமாம். தன் கையாலேயே என் தலையில் பூ வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்மணி, சிலோன்ல எந்தூர்ல பொறந்தே?”

“கோத்தகிரி கவர்மென்ட் ஆஸ்பத்திரில, அத்தை.”

அவர் செந்திலைப் பார்த்தார். செந்தில் கார்ப்பெட்டைப் பார்த்தான். அப்புறம் எப்படி சிலோன்காரங்க என்று கேட்டார். நான் சொன்னேன். தேயிலை நட வெள்ளைக்காரன் கூட்டிப்போன ஜனம் நாங்கள். அவன் போனபிறகு இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள்: இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு. மிஞ்சியவர்களைச் சில வருடம் கழித்து ஆளுக்குப் பாதி. அப்பா இந்தியாவின் பங்கு. நுவரெலியா பக்கத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கப்பலேறி, அதுவரை பார்த்தேயிராத தாயகத்துக்குத் திரும்பி வந்தவர். அங்கே இந்தியாக்காரன், நீலகிரியில் சிலோன்காரன்.

இதில் அவர் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: அப்பா அங்கே பிறந்தவர். உடனே வீடியோ கால் போடச் சொன்னார். குல்லாவும் ஸ்வெட்டருமாக அப்பா வந்தார்.

“ஏனுங்க, இன்னுங் கொஞ்ச வருசம் அங்கியே இருந்து, புள்ளையப் பெத்துட்டு வந்திருக்கலாமில்லீங்க?”

அப்பா அதை நிஜமாகவே யோசித்தார்.

“அப்ப எனக்குப் பன்னெண்டு வயசுங்க,” என்றார். “தப்புதாங்கம்மா.”

மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்று அப்பாவைத் தடுத்தேன். செந்தில் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன், “அங்கிளோட பர்த் சர்ட்டிஃபிகேட்ட வச்சு ஏதாவது பண்ண முடியுமான்னு லாயர்கிட்ட கேக்கவா?” என்றான்.

அவன் எங்கள் இருவருக்கும்தான் வழி தேடினான். அது புரிந்ததால்தான் கோபம் வந்தது. அப்படி ஒரு தாள் அப்பாவிடம் கிடையாது. அவரைக் கரை சேர்த்த பாஸ்போர்ட்டில், குடும்பப் படத்தின் ஓரத்தில் அவர் ஒரு முகம், அவ்வளவுதான்.

“எங்கப்பாவ லாயர்கிட்ட தூக்கிட்டுப் போகாத,” என்றேன். “நான் இந்தியப் பத்திதான். இஷ்டமிருந்தா அதுல நில்லு.”

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வந்து பேசுவதாகச் சொன்னான். இருவரும் படியிறங்கிப் போனார்கள். மேசைமேல் கிடந்த போனில் அப்பா இன்னும் இருந்தார். போயிட்டாங்களா பாப்பா என்று கேட்டார். போயிட்டாங்க என்றேன். சும்மா ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

“ஊர்ல குளிராப்பா?”

“எந்த ஊர்ல பாப்பா?” என்றார்.